மூக்கைப் பிடித்துக் குடித்த பர்பன்

போடியிலிருந்து தேனி போகும் பஸ்ஸில், முன் சீட்டு ஏலக்காய் வியாபாரி பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"பன்னெண்டு வருசம் ஒரே பீப்பாயில ஊறுன விஸ்கிய மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்ச ஒரே ஆளு நாந்தான்யா."

"எவன் குடுத்தான்?"

"அமெரிக்கா மச்சினன். பர்பனாம், அந்த ஊரு விஸ்கி. மெதுவா மோந்து, நாக்குல உருட்டி, என்ன வாசம்னு சொல்லுங்க மச்சான்னான். நமக்கு ஒயின்ஷாப் பழக்கம். கை தானா மூக்கைப் பிடிச்சிருச்சு. ஒரே மடக்கு."

"அப்புறம் வாசத்துக்கு என்ன சொன்ன?"

"ஏலக்கான்னேன். காயை மோந்தே தரம் சொல்றவன்னு பேரெடுத்துட்டு, தெரியலன்னா சொல்ல முடியும்? அவனும் மோந்துட்டு, ஆமா மச்சான், லேசா வருதுன்னான்."

"நெசமாவே வந்துச்சா?"

"எனக்கு வந்துச்சு. காய் அள்ளுன கையாலதான மூக்கைப் பிடிச்சேன்! அவனுக்கு எப்படி வந்துச்சுன்னுதான் வெளங்கல."