இன்னும் கொஞ்சம் கூட்டும்மா

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டே பிஸ்கட் தின்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. துகள் அதன் காது மெத்தைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் நான்தான் பழைய பல் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு நோண்டவேண்டும். அவர் தின்பார். அதையும் பொறுத்துக்கொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எடுத்ததற்கெல்லாம் கோபப்படுகிறவள் என்று விசாரிக்கிற நீங்கள் நினைத்துவிடக்கூடாது, பாருங்கள்.

அவருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர் வைத்தவன் என் தம்பி. ஜாஸ் பியானோக்காரர். பாட்டு எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவர் மட்டும் ஒரு நொடி தாமதித்து விரலை வைப்பார். அதற்கே கூட்டம் சொக்கிப்போகும். ஆயுளில் பாதியை அடுத்தவர் பாட்டுகளை வாசித்தே கழித்தவருக்கு, சொந்தமாக ஒரு ஃபங்க் ஆல்பம் போடும் ஆசை வந்தது. ஃபங்க் என்றால் முதல் அடியில் காலை ஊன்றி நிற்கவேண்டும். கேட்கிறவன் இடுப்பு தானாக அசையவேண்டும். நிதானத்துக்கு அது சுட்டுப்போட்டாலும் வராது. என் தம்பிக்கு வரும். அவன் டிரம்ஸ் வாசிப்பவன்.

அந்தத் தாளங்களை எல்லாம் நானும் அவனும் எங்கள் சமையலறை மேசையில் உண்டாக்கினோம். அவன் கரண்டியால் தட்டுவான். நான் சின்ன கீபோர்டில் இடது கையை ஓட்டுவேன். என்றாவது ஒருநாள் இருவரும் சேர்ந்து ஆல்பம் போடுவது, பியானோ நான் வாசிப்பது என்று பேச்சு. தம்பி அத்தனை பாட்டையும் கொண்டுபோய் நிதானத்தின் கையில் கொடுத்துவிட்டான். நான் ஒலிப்பதிவு செய்பவள். மிக்சிங் மேசையில் நான் உட்கார்ந்திருக்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் இடது கையை அவர் வாசித்தார். அட்டையில் எல்லாமே அவருடைய சொந்தப் படைப்பு என்றுதான் வரப்போகிறது என்றும் சொன்னார்கள்.

தம்பியைக் கேட்டேன்.

"அக்கா, மாஸ்டர் வாசிச்சாத்தான் நாலு பேரு கேப்பாங்க. நீ வாசிச்சா யாரு கேக்கப் போறா? இதைப் போய் ஏன் பெருசு பண்றே?"

அவன் வெகுளி. அந்த ஆள் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தான், அவ்வளவுதான். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நிதானத்தை நினைத்தால்தான் வயிறு எரிந்தது. அந்த மனிதரைச் சும்மா விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாசிக்கும்போது பேசினால் பேச்சும் பதிவாகிவிடும். அதனால் ஹெட்போனில் சத்தம் போதவில்லை என்றால், காதைத் தொட்டு விரலை மேலே உயர்த்திக் காட்டுவார்கள். நாங்கள் கூட்டுவோம். காது இருக்கிறதே, அது கொடுத்ததற்குச் சீக்கிரம் பழகிக்கொண்டு இன்னும் கேட்கும். ஆகவே தினமும் காலையில் அளவைப் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கவேண்டும். நான் இறக்கவில்லை. முந்தின நாள் விட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்தேன்.

"இன்னும் கொஞ்சம் கூட்டும்மா. என்னமோ இன்னிக்கு மந்தமாக் கேக்குது" என்பார்.

கூட்டினேன். வயதில் பெரியவர் கேட்டு இல்லை என்று சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

அளவு மீறினால் சத்தத்தைத் தானே அமுக்கிவிடும் லிமிட்டர் என்ற காவல் ஒன்று உண்டு. கடைசிப் பாட்டுக்கு முன்னால் அதை எடுத்துவிட்டேன். அது நாங்கள் உண்டாக்கியவற்றில் முதல் பாட்டு. என் இடது கையை வாசித்துக்கொண்டே அவர் கண்ணை மூடிச் சிரித்தார். அப்போதுதான் கருவிகளைச் சோதிக்கிற கீச்சொலியை முழு அளவில் ஹெட்போனுக்கு அனுப்பினேன். பிடுங்கி எறிய ஒரு நொடி போதுமே என்பீர்கள். நிதானம் எதையும் ஒரு நொடி தாமதித்துத்தான் செய்வார்.

அவருடைய இரண்டு முழங்கைகளும் பியானோவில் விழுந்தன. அந்த ஓசையோடுதான் ஆல்பம் முடிகிறது. துணிச்சலான முடிவு என்று பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள். இப்போது அவர் பியானோவின் மரத்தில் தாடையை அழுத்திக்கொண்டு, அதிர்வை வைத்து வாசிக்கப் பார்க்கிறாராம். கேள்விப்பட்டபோது எனக்கு இனித்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

உற்றுக் கேட்டால் இன்னொன்றும் தெரியும். முழங்கைகள் விழுவதற்குச் சற்று முன்பே டிரம்ஸ் நின்றுவிடுகிறது.

பியானோவில் இருந்த அவருக்கும் டிரம்ஸில் இருந்த தம்பிக்கும் ஒரே பெட்டியிலிருந்துதான் ஹெட்போனுக்குச் சத்தம் போனது. தனித்தனியாக வைத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். வைத்திருக்கலாம். இன்னொரு பெட்டி அலமாரியில் சும்மாதான் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. டிரம்ஸ்காரர்கள் சத்தத்திலேயே ஊறியவர்கள், அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அத்தனை நாளும் அவனும்தான் விரலை உயர்த்திக்கொண்டே இருந்தான். அவன் கேட்டபோதும் கூட்டினேன். நான் ஓரவஞ்சனை செய்கிறவள் இல்லை.

நீங்கள் என்னை அழைத்து வருவதற்கு முன்னால் தம்பியைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தான். முதல் அடி கொஞ்சம் தள்ளித் தள்ளி விழுந்தது. எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். இதெல்லாம் உனக்காகத்தானடா, உன் பாட்டைத் திருடியவனைச் சும்மா விடலாமா என்றேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காதைத் தொட்டு, விரலை மேலே உயர்த்திக் காட்டினான்.

தம்பி கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. குரலைக் கூட்டி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.