வில்லட் கடையை இடிக்குமுன்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, என்னைப் பேச அழைத்துவிட்டு, இவன் எப்போது முடிப்பான் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நகரசபைத் தலைவர் கிளமென்ட் லிபர்ட் அவர்களே, மெத்தடிஸ்ட் சபையின் மதிப்புக்குரிய போதகர் அவர்களே, நகரசபை உறுப்பினர்களே, கடலோடு மல்லுக்கட்டிக் கரையேறி, ஈரக்காலோடு வந்து நிற்கும் மீனவத் தோழர்களே, சந்தைக் கூடையை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் துணிக்கடை மிஸ் ஹெஸ்டர் டைசன் அவர்களே, உங்கள் அனைவருக்கும் கப்பல்துறைத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் ஜோனா பெம்பர்ட்டன் மாலை வணக்கம் சொல்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் நகரசபை கை தூக்கப் போகிறது. கைகள் உயர்ந்தால் வில்லட் கடை விழும். கடற்கரைத் தெருவில் நம் பாட்டன் காலத்துக்கும் முன்பிருந்து நிற்கும் ஒரே செங்கல் கட்டடம் விழும். விழுந்த இடத்தில், சுற்றுலாக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்காக வண்டிகள் நிற்கும்.

நேற்று அந்தக் கடைக்குப் போனேன். மிஸ் ஹெஸ்டர் பள்ளிச் சீருடைக்குத் துணி கிழித்துக்கொண்டிருந்தார். "இடிச்சிட்டா எங்க போவீங்க மிஸ் ஹெஸ்டர்?" என்றேன். "எங்க போறது ஜோனா? பூட்டு மாட்டுற வரைக்கும் கடையத் தொறப்பேன். அதுக்கப்புறம் கர்த்தர் பாத்துக்குவாரு" என்றார். மூன்று பிள்ளைகளை அந்த ஒரு கடையை வைத்தே ஆளாக்கியவர்.

பின்வரிசையில் யாரோ குரல் கொடுக்கிறார். என்ன தம்பி, சத்தமாகச் சொல். "அந்த வெள்ளக்கார மொதலாளி வில்லட் என்ன ஒங்க மாமனா? அடிமைங்கள வச்சிக் கட்டுன கடைதானே, போனாப் போகட்டுமே" என்கிறார். ரூபனா அது? கேட்க வேண்டிய கேள்விதான். உட்காரப்பா, சொல்கிறேன்.

கடல் கடந்து வந்த கல் அது. சர்க்கரை ஏற்றிப் போக வெறும் வயிற்றோடு வந்த கப்பல்கள், வழியில் புரண்டுவிடாமல் இருக்கப் பாரத்துக்குச் செங்கல்லை அடுக்கி வந்தன. இடுப்பளவு நீரில் நின்று இறக்கியது யார்? வில்லட்டா? சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கியது யார்? வில்லட்டா? சாரம் கட்டியது யார், சாரம் சரிந்து செத்தது யார்? வில்லட் குடைக்குக் கீழே நின்றான். பெயர்ப்பலகை அவனுடையது, பட்ட பாடு நம்முடையது. அந்த மனிதர்களை எங்கே புதைத்தார்கள் என்றுகூட இந்த ஊரில் எவருக்கும் தெரியாது. அவர்கள் கை பட்டதில் மிஞ்சி நிற்பது அந்தச் சுவர் ஒன்றுதான். அதையும் தரைமட்டமாக்கிவிட்டு, எங்கள் ஆட்கள் இங்கே இருந்தார்கள் என்று எதைக் காட்டிச் சொல்வாய் ரூபன்?

"சரி, சுவர் உதிருதே" என்கிறார் ஒரு நகரசபை உறுப்பினர். உதிர்கிறது ஐயா, நான் மறுக்கவில்லை. ஏன் உதிர்கிறது? போன பெரும்புயலில் ஊரே அந்தக் கடைக்குள் உயிர் பிழைத்தது. நன்றிக்கடனாக என்ன செய்தோம்? ஆளுக்கொரு வாளி தூக்கி, பாட்டுப் பாடிக்கொண்டே, கூரை முதல் தரை வரை சிமெண்டைப் பூசினோம். சுண்ணாம்பில் கட்டிய சுவர், காற்றுப் பட்டுக் காய்ந்துகொண்டிருந்த சுவர். அதை மூச்சுவிட முடியாமல் மூடினோம். உப்பும் ஈரமும் உள்ளேயே தங்கிவிட்டன. ஆசையாகத்தான் செய்தோம், ஆனால் நாம்தான் செய்தோம்.

ஆன்டிகுவா தீவிலிருந்து வந்த பொறியாளர் ஆபத்து என்று எழுதினார். நகரசபை "இடிக்கப்படும்" என்று ஒரு பலகையைச் செய்து, சுவரில் ஆணி அடித்தது. அடித்த அடியில் கதவளவு சிமெண்டு பெயர்ந்து விழுந்தது. சிரிக்காதீர்கள் தாய்மார்களே, நடந்தது அதுதான். ஈஸ்டருக்கு முன்னால் விழுந்தது. அன்று முதல் கடற்காற்று அந்த இடத்தில் படுகிறது. இன்று போய்த் தொட்டுப் பாருங்கள். திறந்து கிடக்கும் கல் காய்ந்து, கெட்டியாக, சிவப்பாக இருக்கிறது. பக்கத்திலேயே சிமெண்டைத் தட்டிவிட்டுத் தொடுங்கள், விரல் உள்ளே போகிறது. சாகக் கிடப்பது சுவர் அல்ல, நாம் போர்த்திய போர்வைக்குள் அது திணறுகிறது. போர்வையை எடுத்தால் பிழைக்கும்.

இது மரவீடுகளின் ஊர். புயல் வந்தபோதெல்லாம் எங்கே ஓடினோம்? காற்றடிக்காத பக்கத்துக் கதவை அந்தக் கடையில் புயல் நாளில் தாழிடுவதில்லை. தட்ட வேண்டாம், பேர் சொல்ல வேண்டாம், தள்ளினால் திறக்கும். கடை எத்தனையோ கைமாறியும் இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள்கூட உள்ளே ஒரே நெருப்பில் சுட்ட ஈரப்பலாக்காயைப் பிட்டுத் தின்றன.

அப்படி ஒரு புயலில், கூரை பறந்துபோன வீட்டிலிருந்து நிறைமாதக்காரி ஒருத்தி அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பெண்கள் துணி உருளையைப் பிரித்துத் திரை பிடித்தார்கள். சுவரில் முதுகைக் கொடுத்து அவள் ஓர் ஆண்பிள்ளையைப் பெற்றாள். கூரை அதிர்ந்தது, கதவு அதிர்ந்தது, அந்தச் சுவர் அசையவில்லை. அந்தத் தாய் மூன்றாம் வரிசையில் இருக்கிறார், மிஸ் யூலாலி லிபர்ட். அந்தப் பிள்ளை, இந்த மேடையின் நடுநாற்காலியில் இருக்கிறார்.

"அத ஏன்யா இப்ப இழுக்குற?" என்கிறார் தலைவர், எனக்கு மட்டும் கேட்கும்படி. மன்னியுங்கள் தலைவர் அவர்களே. காலையிலேயே உங்கள் தாயாரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "சொல்லுப்பா, நான் சொன்னா அவன் எங்க கேக்குறான்" என்றார்.

கை தூக்குவது உங்கள் உரிமை. நான் கேட்பது ஒன்றுதான். தூக்கும்போது தீர்மானத் தாளைப் பார்க்காதீர்கள், மூன்றாம் வரிசையைப் பாருங்கள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே உங்களால் கையை உயர்த்த முடிந்தால், எங்கள் சங்கம் குறுக்கே நிற்காது, முதல் செங்கல்லை நானே பெயர்த்துத் தருகிறேன். முடியவில்லை என்றால், நாளை விடிந்ததும் இந்த ஊர் உளியோடு வந்து தான் பூசியதைத் தானே உரித்துப் போடும்.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும், கேள்வி கேட்ட ரூபனுக்கும் என் நன்றி. தீர்மானத்தைத் தலைவரிடம் விடுகிறேன். மிஸ் யூலாலி, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள் அம்மா, உங்கள் மகனுக்கு மறைக்கிறது. வணக்கம்.