மூன்று நாள் உபவாசமும் ஒரு மண்சட்டியும்

தக்கலையில் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே முன் சீட்டிலிருந்து காதில் விழுந்தது.

"வீட்டுல மூணு நாள் உபவாச ஜெபம்னு சொல்லிட்டுல்லா போனேன்."

சொன்னவள் மடியில் ஒரு மண்சட்டி. பக்கத்தில் இருந்த தோழி அதைத் தட்டப் போனாள்.

"தட்டாத ஏட்டி, இன்னும் சுடல. சுட்டுத் தர ரெண்டு வாரம் ஆகுமாம். எனக்குப் பொறுக்கல, எடுத்திட்டு வந்திட்டேன்."

"அப்போ எங்கதான் போன?"

"சிதறாலுக்கு அந்தப் பக்கம் ஒரு கைத்தொழில் பள்ளிக்கூடம். அங்கயே தங்கி, சக்கரத்துல சட்டி வனையப் படிக்கலாம். உள்ளதச் சொன்னா மாமி விடுவாவளா?"

"ஒரு பக்கமா சரிஞ்சில்லா இருக்கு."

"இது பதினோராவது. மத்த பத்தையும் நீ பாக்கலியே."

"உபவாசம் இருந்த மொகமா இது? உப்பிப் போயிருக்கு."

"ரெண்டு நேரமும் மீன்கறி. என்ன செய்ய?"

போன் அடித்தது. "சொல்லுங்க மாமி. ஆமா மாமி. சரி மாமி." வைத்துவிட்டு அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல சாட்சி சொல்ல என் பேரக் குடுத்திருக்காவளாம். உபவாசத்துல ஆண்டவர் என்ன காட்டினாருன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லணுமாம்."

நான் இறங்கவேண்டிய வில்லுக்குறி வந்து, போயும்விட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

தோழி அவள் நகத்தில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டிவிட்டாள்.

"பைபிள்ல குயவனும் களிமண்ணும்னு வருதுல்லா, அதப் பேசு. பொய்யும் ஆகாது. மீன்கறியப் பத்தி மட்டும் வாயத் திறக்காத."