பின் கரியரும் என் தங்கச்சியும்

வாகனத்துக்குப் பின் கரியர், அதுதான் பின்னால் பூட்டிச் சாமான் ஏற்றுகிற தட்டு, வாங்கப்போகிற யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: அலுமினியத்தில் வாங்காதீர்கள். பார்க்க மினுக்கமாக இருக்கும், ஒரு கையால் தூக்கலாம், ஆனால் இரண்டு மூட்டை அரிசி வைத்தால் நடுவில் தொய்ந்துவிடும். இரும்பில்தான் வாங்க வேண்டும். மழை நாடு, துருப்பிடிக்கும் என்று பயப்படுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை கறுப்புப் பெயின்ற் அடித்தால் நம்மைவிட அதிக காலம் கிடக்கும்.

பொலிஸ் ஐயா கேட்டது இதை அல்ல என்று தெரியும். ஆனால் நடந்தது கரியரில் தொடங்கியது, அதனால் நானும் அங்கிருந்து தொடங்குகிறேன். இந்தப் பிள்ளை சுவர்ணா நான் சொல்வதை இங்கிலிஷில் உங்களுக்குச் சொல்லும். லண்டனில் பிறந்த பிள்ளை, கிடாரம் என்றால் விளங்காமல் முழிக்கும். அந்த இடம் வரும்போது பெரிய சோற்றுப் பானை என்று நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

என்னை யாரும் பிடித்து வரவில்லை. என் லைசென்ஸை நீங்கள் வாங்கி வைத்திருப்பதால் கோலியர்ஸ் வுட்டிலிருந்து பஸ் ஏறி நானே வந்தேன். கவனக்குறைவாக வண்டி ஓட்டினேன் என்று நீங்கள் நடத்திக்கொண்டிருந்த விசாரணையில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அது அப்படியே போயிருக்கலாம். ஆனால் என் தங்கச்சி பெர்னடெற் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். நான் வந்து உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் வாயில் வைப்பாளாம். அவள் சாப்பிட வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

என் பெயர் கிறிஸ்துராஜா. ஊர் மன்னாரில் பேசாலை. அங்கே லொறி ஓட்டினேன், இங்கே மொத்த வியாபாரக் கடை ஒன்றுக்கு வான் ஓட்டுகிறேன். பெர்னடெற்றை சின்னப் பெண்ணாக இங்கே கூப்பிட்டு எடுத்தவன் நான். குரோய்டனில் அவளுடைய விசா அலுவலுக்காகக் கந்தோர் வாங்கில் குந்தியபடி காத்துக் கிடந்தவனும் நான். நான் கலியாணம் முடிக்கவில்லை. அவளுக்கும் அது தேவைப்படவில்லை. சமைப்பாள், வீடு கூட்டுவாள், ஞாயிறு பூசைக்கு என்னோடு வருவாள். இருவருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை.

முந்தி ஒருவன் அவளைக் கேட்டு வந்தான். அவனுடைய விரல்கள் என் வானின் சறுக்குக் கதவில் அகப்பட்டு நசிந்தன. அந்தக் கதவு தானாகச் சாத்தாது, யாராவது இழுக்க வேண்டும். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, பிறகு வரவும் இல்லை.

றஜீவ் வேறு மாதிரி. குருநகர் ஆள், மின்சார வேலை செய்கிறவன். கோயில் மண்டபத்து லைட் திருத்த வந்தான், பெர்னடெற் தேத்தண்ணி கொடுத்தாள், அவ்வளவுதான். நான் அறிந்தபோது கலியாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அவன் நல்லவன். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? கலியாணத்துக்குப் பிறகும் என்னை மச்சான் என்று கூப்பிடாமல் மரியாதையாக அண்ணை என்றே கூப்பிட்டான். குட்மேய்ஸில் வீடு எடுத்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் எனக்குச் சாப்பாடு அனுப்பினாள். பொறுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் அவளுடைய கையில் விரல் பதிந்த கண்டல் இருந்தது. மணிக்கட்டுக்கு மேலே, நீலமாக. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். கூடப் பிறந்தவளின் கையில் அப்படி ஒரு அடையாளத்தைப் பார்த்துக்கொண்டு எந்த அண்ணன் சும்மா இருப்பான்?

அது என்னுடைய விரல்கள் என்பது உண்மை. அதற்கு முதல் ஞாயிறு அவள் என் குசினிக்குள் நின்று, தாங்கள் கனடாவுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன். போகாதே என்று சொல்லத்தான் பிடித்தேன். அவள் இழுத்திருக்காவிட்டால் கண்டியிருக்காது. அவன் கனடா என்ற பேச்சை எடுத்திருக்காவிட்டால் நான் பிடித்திருக்கவே மாட்டேன். ஆகவே அந்தக் கண்டலுக்கு யார் பொறுப்பு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கோடை வந்தால் எங்கள் வேதக்காரத் தமிழ்ச் சனம் வோல்சிங்கம் மாதாவிடம் யாத்திரை போகும். பூசை முடிய வண்டிகள் நிற்கிற இடத்திலேயே குடும்பம் குடும்பமாகச் சோறு பகிர்ந்து சாப்பிடும். எங்கள் பக்கத்துச் சனத்துக்குக் கிடாரமும் இரும்பு அடுப்பும் கொண்டு போகிற பொறுப்பு எப்போதும் எனக்கு. இவ்வளவு காலமும் வண்டிக்குள்ளே ஏற்றிப் போய், ஒரு மாதத்துக்குக் கறி மணம் போகாது. ஆகவே நான் பின் கரியர் வாங்குகிறேன் என்றதும் எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். இந்த வருடம் மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த மாதம் கனடாவுக்கு ஏறுவது என்பது பெர்னடெற்றும் றஜீவும் செய்திருந்த ஏற்பாடு.

வண்டியின் பின்னால் டோ பார் என்று ஒரு இரும்புக் கழுத்து இருக்கும். கரியர் அதில் ஏறி உட்காரும். அந்தக் கழுத்து எவ்வளவு பாரம் தாங்கும் என்று முதலில் பார்க்க வேண்டும், கரியரின் சொந்தப் பாரத்தையும் சேர்த்து. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றது சும்மா இல்லை. நம்பர் பிளேற்றையும் லைட்டையும் கரியர் மறைத்துவிடும், அதனால் அதன் பின்னால் இன்னொரு லைட் பலகை பூட்ட வேண்டும். அந்தப் பலகைக்கு வயர் இழுப்பதில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் லைட் மட்டும் எரியும். றிவேர்ஸ் எடுத்தால் கரியரையே தடை என்று நினைத்துச் சென்சர் கத்திக்கொண்டே இருக்கும். மற்றதில் பின்னால் ஏதோ பூட்டியிருப்பது வண்டிக்கே தெரியும். பிளக்கைச் செருகினால் சென்சர் தானாக அடங்கிவிடும். கடைக்காரன் எது வேண்டும் என்று கேட்டான். சத்தம் போடாததைப் பூட்டச் சொன்னேன்.

பாரம் ஏற்றுவதிலும் ஒரு முறை உண்டு. கனமான சாமானை வண்டியை ஒட்டி வைக்க வேண்டும், இலேசானது வெளி விளிம்பில். இரும்பு அடுப்பு ஏன் வெளி விளிம்பில், கால்கள் பின்னால் நீட்டிக்கொண்டு இருந்தது என்று உங்களுடைய வாகனப் பரிசோதகர் அன்றைக்கே கேட்டார். அவசரத்தில் என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. கெட்டிக்காரர். வெறும் கரியர் என்றால் தொடையில்தான் பிடிக்கும். தொடை முறிந்தவன் கட்டுப்போட்டு எழும்பி விமானம் ஏறுவான். அடுப்பின் கால் எந்த உயரத்தில் வருகிறது என்று வீட்டிலேயே என் வயிற்றை வைத்துப் பார்த்திருந்தேன். அவனும் நானும் ஒரே உயரம்.

யாத்திரை போகிற சனிக்கிழமை காலையில் குட்மேய்ஸுக்குப் போனேன். அவர்களுடைய அரிசியையும் சாமான்களையும் ஏற்ற வேண்டும், அதனால் வண்டியின் பின்பக்கத்தை வீட்டுச் சுவரோடு ஒட்டி விட வேண்டும். றஜீவை வெளியே வந்து பின்னால் நின்று பார்க்கச் சொன்னேன். எங்கள் ஆட்கள் கமரா இருந்தாலும் சென்சர் இருந்தாலும், பின்னால் ஒருவனை நிறுத்தாமல் றிவேர்ஸ் எடுக்க மாட்டார்கள். லொறியில் கிளீனர் நிற்பான். வண்டியின் உடம்பில் ஒரு தட்டுத் தட்டினால் நில், இரண்டு தட்டினால் போகலாம். ஊரில் பழகிய அந்த வழக்கத்தை றஜீவுக்கு நான்தான் பழக்கியிருந்தேன். ஹாய் பூய் என்று கத்துகிற பழைய லொறிக்காரன் என்று என்னைப் பகிடி பண்ணிக்கொண்டே ஒவ்வொரு வருடமும் சரியாகத் தட்டுவான்.

"வாங்கோ அண்ணை, வாங்கோ, வாங்கோ," என்று கூப்பிட்டான். நான் போனேன். அவனுடைய முதுகு சுவரில் முட்டியது, அடுப்பின் கால் வயிற்றில் முட்டியது. ஒரு தட்டுத் தட்டினான். நான் நின்றேன்.

இதை இதுவரை நான் யாருக்கும் சொல்லவில்லை. நின்றேன். அப்போது அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. "அண்ணை, கொஞ்சம் முன்னுக்கு எடுங்கோ," என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அந்த நேரம் முன்னால் எடுத்திருந்தால், சோறு சாப்பிடும்போது எல்லோருக்கும் அதை ஒரு கதையாகச் சொல்லியிருப்பான். நான் கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவனும் என்னைப் பார்த்தான். சிரிப்பு மெல்ல மெல்லப் போனது. விளங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு அக்சிலறேற்றரில் காலை அழுத்தினேன். விளங்காமல் ஒருவனைச் சாகவிடுவது சரியில்லை.

அவன் இரண்டு கையாலும் பின் கண்ணாடியில் அடித்தான். ஒன்று, இரண்டு, பல. இரண்டு தட்டினால் போகலாம் என்பது வழக்கம். சுவர் பழைய செங்கல், அசையவில்லை. முருங்கைக் கொப்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவனுடைய வாயிலிருந்து வந்தது கண்ணாடி முழுக்கத் தெறித்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பின் வைப்பரைப் போட்டேன். பிறகு வண்டியை முன்னால் எடுத்தேன். அடுப்பின் கால் வெளியே வந்ததும் அவன் வயிற்றைப் பொத்திக்கொண்டு முழங்காலில் மடங்கிக் குனிந்து இருந்தான். இன்னும் உயிர் இருந்தது, கூப்பிட முயன்றான். இப்போது தலை கரியரின் விளிம்புக்கு நேராக இருந்தது. மறுபடியும் பின்னால் எடுத்தேன். இரும்பு என்றேன் அல்லவா, அது வளையவில்லை.

பதற்றத்தில் கியர் மாறிவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். வயது போனவர்களுக்கு அப்படி நடக்கும் என்று உங்களில் ஒருவரே தலையாட்டினார். நான் தெருவில் குந்தியிருந்து அழுதது மட்டும் உண்மையான அழுகை. அவனுக்காக யார் அழாமல் இருப்பார்கள்?

அடக்கம் முடிய பெர்னடெற்றை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவளுடைய அறையை அப்படியே வைத்திருந்தேன், கட்டில் விரிப்புக்கூட மாற்றவில்லை. கோயிலில் எங்களோடு பூசைக்கு வருகிற பிலோமினம்மா என் கையைப் பிடித்து, தன்னையறியாமல் செய்த பிழைக்கு இப்படிப் பிராயச்சித்தம் செய்கிற அண்ணனை எங்கே காணலாம் என்று அழுதா. சூப்பும் செய்து கொண்டுவந்து தந்தா. நான் வாசலிலேயே வாங்கிக்கொண்டேன்.

முதல் கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. அவள் பேசவில்லை, ஆனால் இருந்தாள். ஒரு பின்னேரம் நான் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பும்போது பேசினாள். அன்றைக்கு அவள் அந்தச் சுவருக்கு உள்பக்கம், சன்னலடியில் சாமான் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

"ஒரு தட்டுத்தான் முதல்ல கேட்டது, அண்ணை," என்றாள். "நீங்களும் நிண்டனீங்கள். இஞ்சின் சத்தம் குறைஞ்சது எனக்குக் கேட்டது. பிறகு ஏன் திரும்ப எடுத்தனீங்கள்?"

லொறிக்காரனின் தங்கச்சி. வேறு எந்தப் பெண்ணும் அதைக் கவனித்திருக்க மாட்டாள். நான் கோப்பையை அவளுக்குக் கிட்ட நகர்த்தினேன். அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"பொலிசுக்குப் போய்ச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுமட்டும் உங்கட கையால ஒரு சொட்டுத் தண்ணியும் குடிக்கமாட்டன்."

நான் உடனே வந்துவிடவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பசி வந்தால் பிடிவாதம் இறங்கும் என்று பார்த்தேன். இறங்கவில்லை. ஒரு தரம் படியிறங்கித் தெருவுக்குப் போகப் பார்த்தாள். நிற்கவே ஏலாத உடம்பு, விழுந்து தலையில் அடிபட்டால் என்ன செய்வது? அதற்குப் பிறகு அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு பூட்டுப் போட்டேன், சன்னலுக்கும் ஆணி அடித்தேன். போனையும் நான் எடுத்து வைத்தேன், நிம்மதியாகப் படுக்கட்டும் என்று. வைத்த தண்ணீர்ப் போத்தல் வைத்தபடியே இருந்தது. நான் இருக்கும்வரை அவளுக்கு ஒன்றும் வராது.

ஆகவே சொல்கிறேன், றஜீவைக் கொன்றது நான்தான். தெரிந்து, யோசித்து, அளந்து கொன்றேன். ஐயா இதை எழுதிக்கொள்ளலாம், நான் கையெழுத்து வைக்கிறேன். வைத்ததும் என்னை ஒரு தரம் வீட்டுக்கு விட வேண்டும். வேறு ஆட்களை அனுப்ப வேண்டாம், புது முகம் கண்டால் பயப்படுவாள். அந்தப் பூட்டின் திறப்பும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

பிள்ளை சுவர்ணா, ஏன் நிறுத்திவிட்டாய்? இதையும் ஐயாவுக்குச் சொல்.

காலையில் புறப்படும்போது கதவில் தட்டி, "பெர்னடெற், சொல்லத்தான் போறன்," என்றேன். மறுமொழி இல்லை. நேற்றும் இல்லை, முந்தாநாளும் இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கோபம் வந்தால் வாய் திறக்க மாட்டாள். கஞ்சி காய்ச்சி மூடி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நான் போய்ச் சூடாக்கிக் கொடுத்தால் எழும்பிச் சாப்பிடுவாள்.