ஹெச்.எம்முக்கும் லைசென்ஸ்

சாயங்காலம், ஷிஃப்ட் விட்ட நேரம். கள்ளிக்குப்பம் போகும் ஷேர் ஆட்டோ சிக்னலில் நின்றபோது, ஓட்டுநர் யாரையும் பார்க்காமல் ஆரம்பித்தார்.

"எனக்கு லைசென்ஸ் கேக்குறான், பேட்ஜ் கேக்குறான். ஒரு ஸ்கூலையே ஓட்டுற ஹெச்.எம்மாண்ட எவனாச்சும் கேக்குறானா? இதுக்குன்னு தனி வாரியம் வரணும்னு பேசிக்கினு கீறாங்க. கட்சி, ஆபீசரு யாரும் உள்ள வரக்கூடாதாம். வாரியத்துக்காரங்க பாத்து லைசென்ஸ் குடுத்தாத்தான் ஹெச்.எம்மு."

பின்சீட்டில் கம்பெனிச் சட்டை போட்டிருந்த பெண் கேட்டாள்.

"அந்த வாரியத்துல நம்மளாண்ட கேப்பாங்களா, அண்ணாத்தே?"

"இன்னான்னு?"

"யாருக்குக் குடுக்கலாம்னு. எங்க புள்ளைங்க ஸ்கூல்ல ஒரு டீச்சரம்மா ஹெச்.எம் பொறுப்பு பாத்துக்கினு இருந்துச்சு. புள்ள ரெண்டு நாள் வரலன்னா, மூணாம் நாள் காலைல ஊட்டாண்ட வந்து கையோட இட்டுக்கினு போவும். சீனியாரிட்டில வேற ஆளு வந்ததும் அத்த ஆவடி பக்கம் மாத்திட்டாங்க."

"வந்தவரு எப்டி?"

"நல்ல மனுசன்தான். எங்க ஊடு தெரியாது."

ஆட்டோ கிளம்பியதும் அவளே தொடர்ந்தாள்.

"எம் பொண்ணு ரெண்டு நாளா ஸ்கூலுக்குப் போவல. காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னிக்கி மூணாம் நாளு. காலைல தலை பின்னி, யூனிபார்ம் போட்டுக்கினு வாசப்படில குந்தி தெருவையே பாத்துக்கினு இருந்துச்சு. எழுந்திரின்னு சொல்ல எனக்கு மனசே வரல."