மைனஸ் ரொட்டியும் மாப்பிள்ளையின் நாணயமும்

பேச்சாளர் நீட்டி முழக்கினால் ஒன்றும் சொல்லாமல் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடும் எங்கள் பேருந்துப் பணிமனைப் பணியாளர் சங்கத்தின் தலைவர் அவர்களே! கண்ணை மூடிக்கொண்டே கியர் சத்தத்தைக் கேட்டு எந்த வண்டி வருகிறது என்று சொல்லிவிடும் மூத்த ஓட்டுநர் பெருமக்களே! நிற்க இடமில்லாத நெரிசலிலும் நகைச்சுவைக்கு இடம் வைத்திருக்கும் நடத்துநர் தோழர்களே! ஊசி என்றதும் ஓடுகின்ற எங்களை உட்கார வைத்து உடலைப் பேணுகின்ற செவிலியர் சகோதரி அவர்களே! எங்கள் சட்டையின் எந்தப் பொத்தான் எப்போது தெறிக்கும் என்பதை எங்களுக்கு முன்பே அறிந்து வைத்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசை காலியாக இருந்தும், பேச்சு சரியில்லையென்றால் நழுவிவிடலாம் என்று கதவோரம் அமர்ந்திருக்கும் அருமை நண்பர்களே! எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் கறையோடு இந்த மெக்கானிக் உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள் என்ன? கடையில் விற்கும் கீட்டோ ரொட்டிகளில் எதை நம் உணவகத்தில் வாங்கி வைப்பது என்பது. சிரிக்கிறீர்கள். போன கூட்டத்தில் பிரேக்கைப் பற்றி முழங்கியவன் இன்று ரொட்டியைப் பற்றி முழங்க வந்துவிட்டானே என்று சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் பிரேக் பிடிக்காத வண்டி மட்டுமல்ல, பொட்டலத்தைப் பார்க்கத் தெரியாமல் வாங்கிய ரொட்டியும் ஒரு குடும்பத்தைச் சுவரில் கொண்டுபோய் மோதும். நான் பார்த்தேன். என் சொந்தத் தங்கையின் வீட்டிலேயே பார்த்தேன்.

கீட்டோ என்றால் என்னவென்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. மாவுச்சத்தையும் சர்க்கரையையும் முடிந்தவரை ஒதுக்கிவிட்டு, முட்டை, இறைச்சி, வெண்ணெய், கீரை, கொட்டை வகைகள் என்று வாழ்கின்ற உணவு முறை. நாளெல்லாம் இருக்கையில் அமர்ந்து நாளடைவில் வயிறு ஸ்டியரிங்கைத் தொடத் தொடங்கிய நம் ஓட்டுநர்கள் பலர் அதில் இறங்கினார்கள். சோற்றை விட்டார்கள், சரி. சர்க்கரையை விட்டார்கள், சரி. ஆனால் ரொட்டியை விட முடிந்ததா? விடியற்காலை வண்டி எடுப்பவனுக்குத் தட்டு ஏது? தட்டு கிடைத்தாலும் அமர்ந்து உண்ண நேரம் ஏது? இரண்டு துண்டுக்கு நடுவில் ஒரு ஆம்லெட்டை வைத்து, நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடுகின்ற வாழ்க்கை அல்லவா நம் வாழ்க்கை! அதனால்தான் கடைக்காரர் "கீட்டோ" என்று அச்சடித்த பொட்டலத்தை அடுக்கியதும் நாம் பாய்ந்தோம்.

பாய்ந்தோமே, பார்த்தோமா? இப்போது பார்ப்போம். நம் ஊழியர் ஓய்வறையில் அத்தனை வகைகளையும் வாங்கி வைத்து, வாயில் போட்டு, வாதம் செய்து, முடிவு கண்டவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

பாதாம் மாவு ரொட்டி. ஃபிரீசரில் உறங்கும் அரசகுமாரி! எழுப்பிச் சூடாக்கி வெண்ணெய் தடவினால் வாசனையே வயிற்றை நிரப்பும். ஆனால் தொட்டால் உதிர்வாள். ஒருவர் இதை ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து தின்றுவிட்டு இறங்க, அடுத்து வண்டி எடுத்தவர் சீட்டைத் தட்டியே களைத்துப் போனார். தேங்காய் மாவு பன்னோ பார்வைக்குப் பஞ்சு, வாய்க்குள் போனால் பாலைவனம். ஒரு கடிக்கு ஒரு குவளைத் தண்ணீர் கேட்கும். நம் வழித்தடத்தில் நிறுத்தங்கள் குறைவு, தாங்காது. முட்டை வெள்ளைக் கருவில் செய்த ராப் என்கிற மெல்லிய சுருள் இருக்கிறதே, மாவுச்சத்து ஏறக்குறைய இல்லவே இல்லை, மறுக்கவில்லை. ஆனால் ஈரக் காகிதத்தில் இரவு உணவை மடித்தது போல, பாதி உள்ளே, பாதி மடியிலே. பாலாடைக்கட்டியைச் சுட்டெடுத்த தட்டைகள் சுவையில் சூரர்கள், உப்பிலும் சூரர்கள். இரத்த அழுத்தக்காரர்கள் தள்ளியே நிற்கவும். விதைகளை அழுத்திச் செய்த மொறுமொறு பிஸ்கட்டு நல்ல பொருள்தான், ஆனால் ஒருவர் மென்றால் அறையில் இருப்பவர் தொலைபேசியில் பேச முடியாது.

ஆளிவிதைத் தட்டை ரொட்டி. இதற்கு என் தனி வணக்கம்! மடித்தால் மடியும், சுருட்டினால் சுருளும், உதிராது, ஒரு கையில் அடங்கும். முகத்தில் களை இல்லை, நிறம் மண் நிறம். என்ன அம்மா சொல்கிறீர்கள்? "எங்க வீட்டுக்காரர் நிறந்தான்" என்கிறீர்களா? அவரையும் வைத்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள், இதையும் வைத்துக்கொள்ளுங்கள்!

கடைசியாக, கோதுமைப் புரதமும் நார்ச்சத்தும் சேர்த்த துண்டு ரொட்டி. அது ரொட்டி போலவே இருக்கும், ரொட்டி போலவே மணக்கும், ரொட்டி போலவே வறுபடும். இத்தனை ரொட்டியும் ஒரு பக்கம், இது ஒரு பக்கம் என்று நம் ஓய்வறையே இதன் காலில் விழுந்தது. இந்த ரொட்டியில்தான் ஐயா என் மாப்பிள்ளை கவிழ்ந்தார்.

என் தங்கையின் கணவரை உங்கள் அனைவருக்கும் தெரியும். பெயர் சொன்னால் தெரியாது, "ஹாரன்" என்றால் தெரியும். அவர் வண்டியில் ஹாரன் பழுதானாலும் கவலையில்லை, சன்னலில் தலையை நீட்டி ஒரு குரல் கொடுத்தால் சாலை விலகும். வீட்டில் அவர் பேசினால் தெருமுனையில் இருப்பவர் பதில் சொல்வார். அப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை வந்தது. மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் கீட்டோவில் இறங்கினார். ஆண்டுப் பரிசோதனைக்குள் சர்க்கரை இறங்கினால் ஸ்டியரிங் அவருடையது. இறங்காவிட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான்.

நம் ஓய்வறையில் ஒரு வழக்கம் வளர்ந்திருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புதிய பொட்டலம் வந்தால் ஒருவர் திருப்பிப் பிடித்து மாவுச்சத்து இவ்வளவு என்று படிப்பார், நார்ச்சத்து இவ்வளவு என்று படிப்பார், உடனே எல்லோரும் ஒரே குரலில் "கழி!" என்போம். நார்ச்சத்து செரிப்பதில்லை, ஆகவே அதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் கணக்கு. முதலில் வந்த பொட்டலத்துக்கு அது சரியாகவே இருந்தது. ஒரு துண்டில் மாவுச்சத்து பதினைந்து கிராம், அதற்குள் அடங்கிய நார்ச்சத்து பதினொன்று, மிச்சம் நான்கு. கைதட்டினோம். பிறகு வேறொரு நிறுவனத்தின் ரொட்டி வந்தது. மாவுச்சத்து ஒன்பது, நார்ச்சத்து பதினொன்று. "கழி!" என்றோம். கழித்தார் மாப்பிள்ளை. மிச்சம் எவ்வளவு?

ஆம் தாய்மார்களே, மைனஸ் இரண்டு!

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "மச்சான்! சாப்பிடச் சாப்பிடக் குறையுது மச்சான்! இது ரொட்டியா, மருந்தா?" என்று கத்தியதில் சுவரில் மாட்டியிருந்த வழித்தடப் பலகையே ஆடியது. அன்றிலிருந்து டீயில் ஊற்றிய பாலுக்கு ஈடாக ஒரு துண்டு, சூப்பில் கிடந்த கேரட்டுக்கு ஈடாக ஒரு துண்டு. பரிசோதனை நெருங்க நெருங்க, பயத்தில் இன்னும் நான்கு துண்டு! உலகத்தில் எவனாவது சாப்பிட்டதைக் குறைப்பதற்காகச் சாப்பிட்டதுண்டா? எங்கள் பணிமனையில் உண்டு.

பரிசோதனை வந்தது. சர்க்கரை ஏறியிருந்தது. மாப்பிள்ளையை வண்டியிலிருந்து இறக்கி டயர்க் கிடங்கில் உட்கார வைத்தார்கள்.

அதுகூடப் பெரிதில்லை. என் தங்கை என்னிடம் வந்தாள். "அண்ணா, இவர் வெளியில எதையோ திங்கிறார். என் மூஞ்சியப் பாத்தே பொய் சொல்றார். நான் எண்ணெயப் பாத்து, மாவப் பாத்து ஒவ்வொண்ணா ஆக்கிப் போடறேன், இவர் என்னை முட்டாளாக்குறார்" என்று அழுதாள். சாப்பாட்டுப் பையைத் துழாவியிருக்கிறாள், சட்டையை மோந்து பார்த்திருக்கிறாள். "ரொட்டியத் தவிர வேற எதையும் தொடலம்மா" என்று அவர் சொல்ல, "ஏறின சர்க்கரை எங்கேருந்து வந்துச்சு, காத்துலயா?" என்று இவள் கேட்டாள். அன்றோடு அந்த வீட்டில் ஹாரன் நின்றது. காலையில் போவார், டயருக்கு நடுவில் அமர்வார், மாலையில் வருவார், படுத்துவிடுவார். ஓட்டுநர் வேலை போனதைத் தாங்கிய மனிதரால், பொய்யன் என்று பெண்டாட்டி நினைத்ததைத் தாங்க முடியவில்லை. எனக்கும் நெஞ்சு பொறுக்கவில்லை.

நான் மெக்கானிக். வண்டி இழுக்கவில்லை என்றால் ஓட்டுநரைத் திட்டுவதற்கு முன் ஊற்றிய டீசலைப் பார்ப்பவன். தங்கையிடம் சொன்னேன், "திட்டுறத நிறுத்து. ஒரு நாள் அவர் பக்கத்துலயே உக்காரு." மாப்பிள்ளையும் ஒப்புக்கொண்டார். "அவளே வந்து பாக்கட்டும் மச்சான்" என்றார், அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

நம் உணவகத்தின் மூலை மேசை. ஒரு பக்கம் மாப்பிள்ளை, எதிரே என் தங்கை, நடுவில் அந்த மைனஸ் ரொட்டி. செவிலியர் சகோதரி விரலில் குத்தி வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்தார். மாப்பிள்ளை வழக்கம்போல் துண்டு துண்டாகத் தின்றார். வேறெதுவும் இல்லை, தண்ணீர் மட்டும். தங்கை கண் கொட்டவில்லை. காத்திருந்து மறுபடி குத்தினார் சகோதரி. கருவியில் எண் ஏறியிருந்தது. நன்றாகவே ஏறியிருந்தது. தங்கை அந்த எண்ணைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சகோதரி பொட்டலத்தைத் திருப்பினார். "இதுல நார்ச்சத்து தனி வரியா போட்டிருக்கு பாருங்க. அவங்களே கழிச்சுட்டு மீதியத்தான் ஒன்பதுன்னு போட்டிருக்காங்க. இல்லன்னா மாவுச்சத்தவிட அதுக்குள்ள இருக்கிற நார்ச்சத்து எப்படிங்க அதிகமா இருக்கும்? கழிச்சதையே திரும்பக் கழிச்சிருக்கீங்க" என்றார். அத்தனை பேரும் சேர்ந்து "கழி" என்று கத்தினோமே, ஒருவராவது யோசித்தோமா? ஒரு பைக்குள் இருக்கும் பொருள் அந்தப் பையைவிடப் பெரிதாக இருக்குமா என்று ஒருவராவது கேட்டோமா?

தோழர்களே! பொட்டலம் பொய் சொல்லவில்லை. மாப்பிள்ளையும் பொய் சொல்லவில்லை. இடையில் இருந்த நம் கணக்கு பொய் சொன்னது! முகம் தெரியாத எவனோ அச்சடித்த எழுத்தை நம்பினோம், முகத்துக்கு முகம் வாழ்ந்தவன் வார்த்தையை நம்பவில்லை. ரொட்டிக்குக் கொடுத்த நம்பிக்கையில் ஒரு துண்டை, ஒரே ஒரு துண்டை, அந்த மனிதனுக்குக் கொடுத்திருக்கக் கூடாதா?

ஆகவே என் பரிந்துரை இதுதான், தலைவர் அவர்களே! ஓட்டுநர் பைக்கு ஆளிவிதைத் தட்டை ரொட்டி. உணவகத்தில் அமர்ந்து உண்பவர்க்குப் பாதாம் ரொட்டி, கீழே ஒரு தட்டோடு. கோதுமைப் புரத ரொட்டி வேண்டுவோர் வாங்கலாம். ஆனால் நார்ச்சத்து மாவுச்சத்துக்குள் அடங்கியதா, தனியே நிற்பதா என்று பார்த்துவிட்டு, விரலில் ஒருமுறை குத்தியும் பார்த்துவிட்டு வாங்கவும். மாத்திரை போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த ரொட்டியையும் தொட வேண்டாம். கைதட்டுகிறீர்கள். தலைவரும் கடிகாரத்தைக் கழற்றுகிறார். இதோ முடித்துவிடுகிறேன்.

மாப்பிள்ளை ரொட்டியை மாற்றினார். சர்க்கரை இறங்கியது. மருத்துவர் ஒப்பமிட்டார், ஸ்டியரிங் திரும்பக் கிடைத்தது. இந்த நேரத்தில் அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார், அதனால்தான் இங்கே இல்லை. ஆனால் அவர் பெண்டாட்டி இருக்கிறாள், மூன்றாவது வரிசையில். தங்கச்சி, இத்தனை பேருக்கு நடுவில் அண்ணன் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வேலை திரும்பிவிட்டது, சரி. நீ அவரைப் பொய்யன் என்று சொன்னாயே, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டாயா?

எழுந்து நிற்கிறாள். சற்று அமைதி, நண்பர்களே.

"நேத்தே மன்னிப்புக் கேட்டுட்டேன் அண்ணா."

அவர் என்ன சொன்னார் அம்மா?

"படுத்திருந்தவர் எழுந்து உக்காந்தார். அப்புறம் பேச ஆரம்பிச்சார். காலைல வண்டி எடுக்கக் கிளம்புற வரைக்கும் நிறுத்தவே இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து, 'அப்பாடா, அண்ணன் குரல் கேட்டுச்சு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."

கேட்டீர்களா, பெரியோர்களே! இதற்குமேல் இந்த மெக்கானிக் பேச என்ன இருக்கிறது? உட்காரம்மா, கண்ணைத் துடைத்துக்கொள். அண்ணனும் துடைத்துக்கொள்கிறேன். என் தங்கை வீட்டுக்கு அந்தச் சத்தம் திரும்பிய மகிழ்ச்சியோடு, பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைக் கழற்றியும் என்னை இறக்கிவிடாத தலைவருக்கும் நெஞ்சார நன்றி சொல்லி, கதவோரம் அமர்ந்தும் கடைசிவரை நழுவாத நண்பர்களுக்கு இரட்டை நன்றி சொல்லி, விடைபெறுகிறேன். வணக்கம்!