ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்

என் பெயரும் வீட்டு எண்ணும் இந்தத் தாளின் தலைப்பில் உள்ள கட்டங்களில் எழுதப்பட்டுள்ளன. வயது அறுபத்தாறு. தொடக்கப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கணவர் காலமாகிவிட்டார். நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கிறேன். அங்குள்ள நலச் சங்கத்தில் பிள்ளைகளின் விளையாட்டுக்கு நான்தான் பொறுப்பு. கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை இந்த நிலையத்திலிருந்து வந்த காவலரிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் ஒரு பகுதி பொய். அதைத் திருத்துவதற்காக இன்று வெள்ளிக்கிழமை, யாரும் அழைக்காமல் நானே வந்திருக்கிறேன்.

எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் உள்ள டிராம்போலினில், அதாவது சுற்றிலும் வலை கட்டிய, பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் துள்ளு விரிப்பில், ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அடிபட்டது. அவளோடு குதித்த பதிமூன்று வயது மாணவி அவளை வேண்டுமென்றே தள்ளிவிட்டாள் என்று புகார் பதிவாகி, வரும் திங்கட்கிழமை சிறார் குழுவின் முன் அந்த மாணவி நிற்க வேண்டியிருக்கிறது. அவள் தள்ளவில்லை. சிறுமியை எல்லோரும் சிட்டு என்று கூப்பிடுவார்கள். மாணவியைப் பிள்ளைகள் ரோடு ரோலர் என்று கூப்பிடுவார்கள். நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதால் இதில் பெரியவள் என்றே சொல்கிறேன்.

மூன்று மாதங்களுக்கு முன் சங்கக் கூட்டத்தில் டிராம்போலின் வாங்கலாமா வேண்டாமா என்று பேச்சு வந்தது. நான் ஒரு பெரிய தாளில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் நன்மை, மறு பக்கம் தீமை என்று எழுதிக்கொண்டே வந்தேன். பிள்ளைகள் கைப்பேசியை விட்டு வெளியே வருவார்கள், பசி எடுக்கும், தூக்கம் வரும், கால் வலுப்படும் என்பவை நன்மைப் பக்கத்தில் வந்தன. மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவில் வேலை செய்யும் நர்ஸ் ஒருவர் மூன்றாம் மாடியில் இருக்கிறார். அவர் எழுந்து, வலை கட்டியிருந்தாலும் உள்ளேயே விழுந்து அடிபட்டு வரும் பிள்ளைகளைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். அதற்குக் கீழ்த்தளத்தில் இருக்கும் தையல்காரர் ஒருவர், “மாடிப்படியிலயும்தான் விழறாங்க. படியை இடிச்சிட்டு எல்லாரும் கயிறு கட்டி ஏறுவோமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நர்ஸ் சிரிக்காமல், “வாங்குறதா இருந்தா வாங்குங்க டீச்சர். ஆனா ஒரு நேரத்துல ஒரு பிள்ளைதான். ரெண்டு ஏறினா கனமானது மிதிக்கும், லேசானது பறக்கும்” என்றார். அதைத் தீமைப் பக்கத்தில் என் கையால் எழுதினேன். அதன் பிறகு நன்மைப் பக்கம் நீளமாக இருந்ததால் வாங்குவது என்று முடிவானது. நீளத்தை வைத்து முடிவு செய்ததற்கு நானும் பொறுப்பு. நூறு இறகும் ஒரு கல்லும் தராசில் ஏறினால் எது கீழே போகும் என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். உதாரணங்கள் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்று எழுத்தர் கேட்டுக்கொண்டார். இது இருக்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு முதல் ஆறு வாரங்கள் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை மட்டும் குதித்தது. டிராம்போலினை விற்ற கடைக்காரர்கள் வலையின் வாசலில் ஒட்டிவிட்டுப் போன அறிவிப்பிலும் அதுதான் முதல் விதி. ஒருவருக்கு இருபது குதி. மற்றவர்கள் வெளியே நின்று சத்தமாக எண்ண வேண்டும். பெரியவள் நான்கு ஆண்டுகளாக அந்தக் குடியிருப்பில் இருந்தும் கீழே வந்து விளையாடி யாரும் பார்த்ததில்லை. மூன்றாவது வாரம் அவள் வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். தன் முறை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு இருபது முறை குதித்தாள். இறங்கும்போது முகமெல்லாம் சிவந்து, “டீச்சர், மேல போறப்ப எனக்கு வெயிட்டே இல்ல” என்றாள். அன்று வீட்டுக்குப் போய் அந்தத் தாளை எடுத்து, நன்மைப் பக்கத்தில் கடைசியாக அதையும் எழுதினேன்.

அதன் பிறகு பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளும் வர ஆரம்பித்ததால் வரிசை நீண்டது. தாய்மார்களுக்குள் சண்டை வந்தது. “ரேஷன் கடையே பரவாயில்ல, அங்க வரிசை நகரும்” என்று ஒரு தாய் என் காதுபடச் சொன்னார். எனவே நானாக ஒரு ஏற்பாடு செய்தேன். சங்கத்தில் யாரையும் கேட்கவில்லை. பள்ளியில் நான் எப்போதும் பெரிய பிள்ளைக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளையை உட்கார வைப்பேன். சாலையைக் கடக்கும்போதும் பெரியதின் கையைச் சின்னது பிடித்துக்கொள்ளும். முப்பத்து நான்கு ஆண்டுகளில் அந்த முறையால் ஒரு பிள்ளைக்கும் கீறல் பட்டதில்லை. அதே முறைப்படி பெரிய பிள்ளையோடு ஒரு சின்னப் பிள்ளை என்று ஜோடி பிரித்து, அட்டையில் பட்டியல் எழுதி வலையின் வாசலில் மாட்டினேன். மாட்டுவதற்கு வேறு இடம் இல்லாததால் அது கடைக்காரர்களின் அறிவிப்பை மறைத்தது. நர்ஸ் சொன்னது அப்போது நினைவுக்கு வந்ததா என்று ஆய்வாளர் கேட்டார். வந்தது. பெரிய பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

பெரியவளுக்குச் சிட்டுவை ஜோடியாகப் போட்டேன். சிட்டு பதினெட்டு கிலோ. பெரியவள் அறுபதுக்கு மேல். பட்டியலைப் படித்துவிட்டு வந்து பெரியவள் என்னிடம், “நான் தனியாவே குதிக்கிறேனே டீச்சர், கடைசியா வேணாலும் குதிக்கிறேன்” என்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து, “சும்மா ஏறும்மா, அவ உன்னைத் தின்னுட மாட்டா” என்றேன். இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்கு.

அதன் பிறகு இருவரும் ஏறினார்கள். நான் வாசலிலிருந்து இரண்டு அடி தூரத்தில், தண்ணீர் மோட்டார் அறையின் சுவரோரம் நாற்காலியில் இருந்தேன். பிள்ளைகள் எண்ணினார்கள். பத்து வரை இருவரும் சேர்ந்தே குதித்தார்கள். பன்னிரண்டில் சிட்டு பின்தங்கினாள். பேருந்தின் கடைசி இருக்கையில் இருப்பவரை வேகத்தடை தூக்கிப்போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போல, பதினான்கில் பெரியவள் மிதித்து விரிப்பு மேலே எழும்பிய நேரத்தில் சிட்டுவின் கால் அதில் பட்டது. அதுவரை யாரும் போகாத உயரத்துக்கு அவள் போனாள். போகும்போது சிரித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் இரண்டு கைகளையும் நீட்டிப் பிடிக்கப் பார்த்தாள். விரல் நுனிகூடப் படவில்லை. சிட்டு தலைகீழாகத் திரும்பி, கழுத்து மடங்கி, விரிப்பின் நடுவிலேயே விழுந்தாள். பிள்ளைகள் பதினாறு வரை எண்ணிவிட்டு நிறுத்தினார்கள்.

நான் ஓடிப்போய்த் தூக்கக் கை வைத்தேன். நர்ஸ் மாடியிலிருந்து, “தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!” என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தார். சிட்டு அழவில்லை. “டீச்சர், என் கால் எங்க?” என்று கேட்டாள். இருக்கிறது என்று சொன்னேன். அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவர்கள் இன்னும் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

சிட்டுவின் தகப்பனார் அப்போது நான்காம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பெரியவள் கைகளை நீட்டியதையும் தன் மகள் விழுந்ததையும் அவர் பார்த்தார். புகார் கொடுத்தவர் அவர்தான். அவர் பொய் சொல்லவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் பிடிப்பதும் தள்ளுவதும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆம்புலன்ஸ் போன பிறகு, காவலர் வருவதற்குள், நான் அட்டையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். காவலர் கேட்டபோது, இருவரும் எப்படிச் சேர்ந்து ஏறினார்கள் என்று தெரியாது, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். பெரியவள் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். நான் சொல்வதைக் கேட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். அந்த அட்டையை இன்று ஒப்படைத்திருக்கிறேன். எழுத்து என்னுடையது.

செவ்வாய்க்கிழமை அவள், ‘நான்தான் தள்ளினேன்’ என்று நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்ததாக ஆய்வாளர் காட்டினார். ஒரு பிள்ளை மேலே எறியப்பட்டதை அவள் தன் காலடியில் உணர்ந்திருக்கிறாள். ஏன் அப்படி ஆனது என்று அவளுக்கு யாரும் விளக்கவில்லை. விளக்க வேண்டிய நான் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். அந்தத் தாளை உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வழக்கு யார் மேலாவது போட வேண்டும் என்றால் என் மேல் போட வேண்டும்.

இத்தனை நாள் கழித்து ஏன் வந்தீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். பெரியவளின் வீடு என் வீட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து மேலே அவளுடைய காலடிச் சத்தமே இல்லை. ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தேன். இன்று காலை படியில் அவளுடைய தாயைப் பார்த்தேன். எப்போது திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன். “எங்கயும் போகல டீச்சர். உள்ளதான் இருக்கா. நுனிக்கால்லயே நடக்கிறா. சாப்பிட வரச் சொன்னாலும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு காலா வைக்கிறா” என்றார். அதன் பிறகு நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக இங்கே வந்தேன்.

மேலே எழுதப்பட்டிருப்பதை எழுத்தர் எனக்கு இருமுறை படித்துக் காட்டினார். சொல்லாதது எதுவும் சேர்க்கப்படவில்லை, சொன்னது எதுவும் விடப்படவில்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கொடுத்தேன். இது உண்மை. ஞாயிற்றுக்கிழமை நான் கொடுத்தது உண்மையல்ல. இதன் நகல் ஒன்று திங்கட்கிழமைக்கு முன் என் மேல்வீட்டில் சேர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
ஓய்வுபெற்ற ஆசிரியை